கடையைக் கொண்டு செல்வது எப்படி? சொந்த ஊருக்குத் திரும்பும் சிறுவியாபாரக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பத் தயாராகிறீர்கள். வீடு, கிணறு, மலசலகூடம், பிள்ளைகளின் பாடசாலை மாற்றம் என்பன பற்றி இந்தக் கைநூலின் வேறு பகுதிகளில் படித்திருப்பீர்கள். இந்தப் பகுதி, இடம்பெயர்ந்து வாழ்ந்த இடத்தில் ஒரு சிறுதொழிலைக் கட்டியெழுப்பிய குடும்பங்களுக்கானது. பலசரக்குக் கடை, தேநீர்க் கடை, மா அரைக்கும் மில், தையல், சைக்கிள் அல்லது மோட்டார் சைக்கிள் திருத்தகம், சலூன், ஒட்டுவேலை என்று எதுவாகவும் இருக்கலாம்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூன் மாதத்தில் இடம்பெயரத் தொடங்கினார்கள். பலருக்கு 25 ஆண்டுகளுக்கு மேல் நலன்புரி நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் வாடகைக் காணியிலும் கழிந்துவிட்டன. இந்தக் காலத்தில் ஒரு மேசையில் தொடங்கிய கடை இரண்டு றாக்கையாக வளர்ந்திருக்கலாம். அந்தக் கடைதான் பிள்ளைகளைப் படிப்பித்திருக்கும். இப்போது அதை அவிழ்த்து இன்னொரு இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இதில் பிழை நேர்ந்தால் கரைவது உங்கள் ஒரே முதல். கடை நின்றுபோனதால் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் வாடகை இடத்துக்குப் போகும் நிலை எவருக்கும் வரக்கூடாது.

ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுச் சாமான்களை ஒரே லொறியில் ஏற்றலாம். கடையை அப்படி ஏற்ற வேண்டாம். கடை படிப்படியாகத்தான் போக வேண்டும். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் கீழே விளக்குகிறோம்.

1. நீங்கள் கொண்டு போவது எவற்றை?

ஒரு கடையில் நான்கு பகுதிகள் உண்டு.

- பொருளும் உபகரணமும்: சரக்கு, றாக்கை, தராசு, தையல் இயந்திரம், மோட்டர்.
- இடம்: சந்தியா, ஒழுங்கையா, பாடசாலைக்குப் பக்கமா என்பது.
- வாடிக்கையாளர்: நாள்தோறும் வரும் குடும்பங்கள்.
- நம்பிக்கை: மொத்த வியாபாரி உங்களுக்குத் தரும் தவணை, நீங்கள் சனத்துக்குக் கொடுக்கும் கொப்பிக் கடன்.

லொறியில் ஏறுவது முதலாவது மட்டுமே. மற்ற மூன்றையும் புதிய இடத்தில் மறுபடியும் உண்டாக்க வேண்டும். நலன்புரி நிலையத்தில் நூறு குடும்பங்கள் நடந்து வரும் தூரத்தில் இருந்தன. ஊரில் அதே நூறு குடும்பங்களும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிகளில் பரந்து கிடக்கும். எல்லோரும் ஒரே நாளில் வரவும் மாட்டார்கள். சிலர் வராமலே இருந்துவிடுவார்கள்.

2. எப்போது போவது?

வலிகாமம் வடக்கில் காணிகள் ஒரே தடவையில் விடுவிக்கப்படவில்லை. 2015 முதல் பகுதி பகுதியாகவே திரும்பக் கிடைத்தன. மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த நிலமும் 2017 ஜூலை 3ஆம் திகதி கையளிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கர் கிடைத்தது. இதனால் ஒரே வீதியின் ஒரு பக்கத்தில் ஆட்கள் குடியிருக்க, மறுபக்கம் பற்றையாகவே கிடந்த நிலை பல இடங்களில் உண்டானது. உங்கள் ஊரும் இப்படித்தான் நிரம்பும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடை இல்லாததால் குடும்பங்கள் வரத் தயங்கும். குடும்பங்கள் இல்லாததால் கடைக்காரர் வரத் தயங்குவார். அவசரப்பட்டுப் போனால் சரக்கு தேங்கும். அளவுக்கு மிஞ்சிப் பொறுத்தால் இன்னொருவர் அந்தச் சந்தியில் கடை போட்டுவிடுவார்.

சரியான நேரத்தை அறிய ஓர் இலகுவான வழி உண்டு. ஊருக்குப் போய் ஆட்களை எண்ணுங்கள். பகலில் மட்டும் எண்ண வேண்டாம். பகலில் காணி துப்புரவாக்க வருபவர்கள் பலர் பின்னேர பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். இரவு ஏழு மணிக்கு விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். ஒரு மாத இடைவெளியில் மூன்று தடவை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். எண்ணிக்கை கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பகலில் வருபவரும் இரவு தங்குபவரும் வேறு வேறு வாடிக்கையாளர்கள் என்பதை மறக்க வேண்டாம். பகலில் வருபவர் தேநீர், வடை, சோடா, வெற்றிலை, கத்தி, மண்வெட்டிப் பிடி, கயிறு, கையுறை, ஆணி, கட்டுக்கம்பி கேட்பார். இரவு தங்குபவர் அரிசி, மா, சீனி, பருப்பு, தேங்காய், மண்ணெண்ணெய், நுளம்புத்திரி, மெழுகுதிரி, சவர்க்காரம் கேட்பார். பழைய கடையில் ஓடிய சரக்கை அப்படியே கொண்டுபோய் அடுக்கினால் முதல் மாதத்தில் அதில் பாதி ஓடாது.

3. எத்தனை குடும்பங்கள் வேண்டும்?

இதை மனக்கணக்கில் விடாமல் எழுதிப் பாருங்கள். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் தொகைகளைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

ஒரு குடும்பம் உங்கள் கடையில் நாளொன்றுக்கு 200 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வையுங்கள். நூறு ரூபாய் விற்பனையில் 12 ரூபாய் இலாபம் என்றும் வையுங்கள். சரக்கு எடுத்து வரும் செலவு நாளுக்கு 250 ரூபாய். மின்சாரமும் சில்லறைச் செலவும் 100 ரூபாய்.

- 40 குடும்பங்கள் இருந்தால்: விற்பனை 8,000 ரூபாய். இலாபம் 960 ரூபாய். செலவு 350 ரூபாய் போக 610 ரூபாய் மிஞ்சும்.
- 15 குடும்பங்கள் இருந்தால்: விற்பனை 3,000 ரூபாய். இலாபம் 360 ரூபாய். செலவு 350 ரூபாய் போக 10 ரூபாய்தான் மிஞ்சும்.

குடும்பங்கள் குறைந்தாலும் ஓட்டோக்காரர் தன் கூலியைக் குறைக்க மாட்டார் என்பதைக் கவனியுங்கள். பதினைந்து குடும்பங்கள் உள்ள ஊரில் அந்தக் கடை நாள் முழுக்கத் திறந்திருந்தும் உங்கள் வீட்டு அடுப்பை எரிக்காது. ஆனால் அதே பதினைந்து குடும்பங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ சாமான் கொண்டுபோய் விற்றால் செலவு குறையும், இலாபம் நிற்கும். அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறோம்.

4. மூன்று படிகள்

முதலாம் படி: பழைய கடை அப்படியே நடக்கட்டும். குடும்பத்தில் ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போய், ஒரு மேசையும் தறப்பாளும் போட்டுத் துப்புரவுக்கு வருபவர்களுக்குத் தேவையானதை விற்கட்டும். இதற்கு அதிக முதல் தேவையில்லை. ஊரில் யார் யார் வருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதும் தெரியவரும். என்ன கேட்டு இல்லையென்று சொன்னீர்களோ அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை கொண்டுபோக வேண்டியவை அவைதான்.

இரண்டாம் படி: விளக்கு எரியும் வீடுகள் உங்கள் கணக்கில் வரும் எண்ணிக்கையில் பாதியை எட்டியதும், கிடுகு அல்லது தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு நாள்தோறும் சில மணி நேரம் திறவுங்கள். பழைய கடையின் சரக்கைப் புதிதாக நிரப்பாமல் மெல்ல விற்றுக் குறையுங்கள்.

மூன்றாம் படி: எண்ணிக்கை நிரம்பியதும் மிச்சத்தைக் கொண்டுபோங்கள். சீமெந்துக் கட்டடத்தை இந்தப் படிக்குப் பிறகே யோசியுங்கள். முதல் முழுவதையும் சுவரில் போட்டுவிட்டு உள்ளே அடுக்கச் சரக்கில்லாமல் நிற்பது பலருக்கு நேர்ந்த கதை.

நீங்கள் தனியாகக் குடும்பத்தை நடத்தும் பெண்ணாக இருந்தால் இரண்டு இடத்தில் நிற்க ஆள் இருக்காது. அப்படியானால் அயலில் திரும்பும் இன்னொரு குடும்பத்துடன் சேர்ந்து முதலாம் படியைச் செய்யுங்கள். ஒருவர் சாமான் எடுக்கலாம், மற்றவர் விற்கலாம். பங்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்களில் பலருக்குத் தூரமே பெரிய தடை. சோனகத் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்துபோக முடியாது. அவர்கள் ஒரு கடையை மூடிவிட்டு மறுகடையைத் திறப்பதைவிட, குடும்பத்தில் ஒருவரை முதலில் சில மாதங்களுக்கு அனுப்பி, குறைந்த சரக்குடன் தொடங்குவது பாதுகாப்பானது. பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில் நடந்துகொண்டிருந்தால் அங்குள்ள வருமானத்தை உடனே நிறுத்த வேண்டாம்.

5. இடத்தைத் தெரிவு செய்யும்போது

காணி யாருடையது? உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையை நிச்சயப்படுத்துங்கள். மதிலும் வேலியும் அழிந்து, அடையாள மரங்களும் இல்லாமற்போன இடங்களில் அயலவரையும் வைத்துக்கொண்டு நில அளவையாளரால் எல்லையிடுவது நல்லது. உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைப் பெற விண்ணப்பிக்கலாம்.

காணி மனைவியின் பேரில் இருந்தால்: தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களில், மனைவி தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது பிரிந்து போயிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். கடைக்காகக் காணியை வைத்துக் கடன் எடுக்க எண்ணும் பெண்கள் இதை முன்னமே தெரிந்திருக்க வேண்டும். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

வாடகைக்கு எடுத்தால்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். முத்திரை ஒட்டிய வெறும் கடிதம் போதாது. காணிச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து, அவருக்காக உறவினர் ஒருவர் பேசினால், அவரிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வீதியோரம்: சந்தியில் கடை போடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பிரதான வீதியின் எல்லைக்குள் கட்டிய கொட்டிலை வீதி அகலிக்கும்போது அகற்றச் சொல்வார்கள். கடற்கரையை அண்டிய காணியிலும் கட்டுப்பாடுகள் உண்டு. நிரந்தரக் கட்டடம் கட்ட முன்னர் பிரதேச சபையில் அனுமதி பெறுங்கள்.

மிதிவெடி அபாயம்: கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று அறிவிக்கப்படாத காணியில் அத்திவாரம் தோண்ட வேண்டாம், பற்றைக்கு நெருப்பு வைக்கவும் வேண்டாம். சிவப்பு மண்டையோட்டு அடையாளத்துக்கு அப்பால் போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பழைய இரும்பு வாங்கும் தொழில் செய்பவர்களுக்கு இது இரட்டை எச்சரிக்கை. பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுவரும் இரும்பை வாங்கவே வேண்டாம். நீங்கள் காசு கொடுப்பதால்தான் அவர்கள் பற்றைக்குள் இறங்குகிறார்கள்.

தண்ணீர்: எமது நிலத்தின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வெகு சீக்கிரம் கிணற்றுக்குப் போகும். வாகனத் திருத்தகம், பற்றரி வேலை, சலூன், சாப்பாட்டுக் கடை நடத்துபவர்கள் கிணற்றிலிருந்து எட்டத்தில் கழிவுக்கு இடம் ஒதுக்குங்கள். கழிவு எண்ணெயை நிலத்தில் ஊற்றாமல் பரலில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கிணறு மட்டுமல்ல, அயலவர் கிணறும் கெடும்.

6. பத்திரங்கள்

"என்னட்டைப் பதிவு இருக்கு, அதோடை போகலாம்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். போக முடியாது. வியாபார அனுமதிப்பத்திரம் உங்களுக்கு மட்டும் தரப்பட்டதல்ல. அந்த இடத்துக்கும் அந்த ஆண்டுக்கும் தரப்பட்டது. இடம் மாறினால் புதிதாக எடுக்க வேண்டும்.

உதாரணமாக, சுன்னாகத்தில் கடை வைத்திருந்தவர் உடுவில் பிரதேச செயலகத்துக்கும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கும் உட்பட்டிருந்தார். மயிலிட்டிக்கோ காங்கேசன்துறைக்கோ போனதும் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்துக்கும் வலிகாமம் வடக்குப் பிரதேச சபைக்கும் உட்படுகிறார். தூரம் சில மைல்தான். ஆனால் அலுவலகம் முழுவதும் மாறிவிடுகிறது.

கவனிக்க வேண்டியவை:

- வியாபாரப் பெயர்ப் பதிவு: பிரதேச செயலகத்தில் செய்ய வேண்டும். ஏற்கெனவே பதிந்திருந்தால் முகவரி மாற்றத்தைத் தாமதிக்காமல் அறிவியுங்கள். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் அறிக்கை, கடை இருக்கும் இடத்தின் உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் என்பன கேட்கப்படும். உங்கள் சொந்த முழுப்பெயரிலேயே வியாபாரம் செய்தால் சட்டப்படி பதிவு கட்டாயமல்ல. ஆனால் வங்கிக் கணக்குக்கும் கடனுக்கும் பதிவு உதவும்.
- வியாபார அனுமதிப்பத்திரம்: பிரதேச சபையில் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் இடம் மாறுபவர்கள் பழைய இடத்துக்குப் புதுப்பிக்க முன்னர் யோசியுங்கள்.
- உணவு சம்பந்தப்பட்ட தொழில்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்ப்பார். கட்டிய பிறகு அவரைக் கூப்பிடுவதைவிட, கட்ட முன்னர் போய்க் கேட்பது நல்லது. கழுவுமிடம், கழிவுநீர், ஈ வராத அலுமாரி ஆகியவற்றை முதலிலேயே திட்டமிட்டால் பிறகு இடித்துக் கட்டத் தேவையில்லை.
- சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம்: மில், திருத்தகம், மரவேலைத்தளம், வெதுப்பகம் போன்ற சில தொழில்களுக்குத் தேவைப்படலாம். சிறு அளவிலானவற்றுக்குப் பிரதேச சபையே வழங்குகிறது. சத்தமும் தூசும் அயலவருக்குப் போகாத இடமாகப் பாருங்கள்.
- தராசு: ஆண்டுதோறும் முத்திரையிடப்பட வேண்டும். லொறியில் குலுங்கிப் போன தராசை மறுபடியும் சரிபார்க்காமல் பாவிக்க வேண்டாம். புதிய இடத்தில் முதல் மாதமே நிறை குறைந்தது என்ற பேச்சு வந்தால் அதை மாற்றக் கனகாலம் எடுக்கும்.

இந்தியாவிலிருந்து திரும்பியவர்கள் முதலில் தேசிய அடையாள அட்டையைப் பெறும் வேலையைத் தொடங்குங்கள். அது கையில் இல்லாமல் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை நகராது.

எந்தப் பத்திரத்தையும் கொடுக்க முன்னர் பிரதி எடுத்து வையுங்கள். பணம் கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

7. இயந்திரங்கள் உள்ளவர்கள்

மில் வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். மிளகாயும் மாவும் அரைக்கும் மில்லுக்குப் பெரும்பாலும் மூன்று கட்ட மின்சாரம் வேண்டும். மீள்குடியேறிய பகுதியில் வீதிக்குக் கம்பி வந்திருந்தாலும் அது மில்லை ஓட்டப் போதுமானதா என்பது வேறு விடயம். ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்:

1) முதலில் மின்சார சபையில் இணைப்புக்கு விண்ணப்பித்து, செலவு மதிப்பீட்டைப் பெறுங்கள்.
2) இணைப்புக் கிடைக்கும் திகதி தெரிந்த பிறகு சீமெந்துத் தளத்தைப் போட்டு ஆணிப்பூட்டுகளை ஊன்றுங்கள். தளம் நன்றாக இறுக நாட்களை விடுங்கள்.
3) கடைசியாகவே பழைய இடத்தில் மோட்டரைக் கழற்றுங்கள்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்தவர்கள், கழற்றிய மோட்டரைத் தறப்பாளால் மூடிவைத்து மாதக்கணக்கில் மின்சாரத்துக்காகக் காத்திருக்க நேரும். கடற்கரைக் காற்றில் இரும்பு சும்மா கிடக்காது, துருவேறும்.

தையல் தொழிலுக்குச் சிக்கல் குறைவு. மிதி இயந்திரம் மின்சாரம் இல்லாமலும் ஓடும். ஆனால் துணி, நூல், பொத்தான் வாங்கும் கடை இப்போது தூரத்தில். ஒரு மாதத்துக்குத் தேவையானதைக் கையில் வைத்திருங்கள். பழைய இடத்து வாடிக்கையாளர் தைக்கத் தந்த எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

8. கடன் கொப்பி

இடம் மாறும் கடைக்காரரின் நித்திரையைக் கெடுப்பது இந்தக் கொப்பிதான். "அக்கா, நீங்களும் போறியளோ?" என்று கேட்பவர்களில் சிலர் கடனைக் கட்டுவார்கள். சிலர் நீங்கள் போகும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நூறு ரூபாய்ச் சாமான் கடனில் போய்த் திரும்பாவிட்டால் இழப்பது 12 ரூபாய் இலாபம் மட்டுமல்ல, 88 ரூபாய் முதலும்தான். அந்த 88 ரூபாயை இலாபத்தால் ஈடுகட்ட 700 ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். ஆகவே இதை முன்கூட்டியே கவனியுங்கள்.

- போவதற்கு இரண்டு மாதம் முன்னரே எல்லோருக்கும் சொல்லுங்கள். அன்றிலிருந்து பழைய கணக்கை ஒரு பக்கத்தில் நிறுத்தி, புதிதாகக் கடன் கொடுப்பதைக் குறையுங்கள்.
- ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். மற்றவர் முன்னால் கேட்க வேண்டாம். மொத்தமாக முடியாதவர் கிழமைக்குக் கொஞ்சமாகத் தரட்டும்.
- உங்கள் ஊருக்கே திரும்பப் போகும் குடும்பங்களின் கணக்கைத் தனியாக எழுதுங்கள். அவர்கள் நாளையும் உங்கள் வாடிக்கையாளர். அவர்களுடன் முறிய வேண்டாம்.
- கட்ட வழியே இல்லாதவர்கள் சிலர் இருப்பார்கள். அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்தே உங்கள் திட்டத்தைப் போடுங்கள். வராத காசை நம்பிச் சரக்கு எடுக்க வேண்டாம்.

நீங்கள் கொடுக்க வேண்டிய கடனும் இருக்கும். சுன்னாகத்திலோ யாழ்ப்பாண நகரிலோ உங்களுக்குத் தவணைக்குச் சாமான் தரும் மொத்த வியாபாரியிடம் நேரில் போய், எப்போது எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேறு ஆட்கள் சொல்லி அவர் அறிந்தால் தவணை நின்றுவிடும். நேரே சொன்னால், பழைய பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுப் புதிய இடத்துக்கும் அதே தவணையைக் கேட்கலாம். பல ஆண்டு கொடுக்கல் வாங்கலில் நீங்கள் சேர்த்த நல்ல பெயர் இங்கேதான் கைகொடுக்கும்.

புதிய கடன்: மீள்குடியேறும் ஊர்களுக்குக் கடன் நிறுவனங்கள் வீடு தேடி வரும். கையெழுத்துப் போட முன்னர் கணக்கிடுங்கள். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 சதவீதம் தட்டை வட்டி என்றால் மொத்தம் 62,000 ரூபாய். 52 கிழமையில் கட்டினால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபாய், அதாவது நாளுக்கு 170 ரூபாய். பாதி ஆண்டில் பாதிக் கடனைக் கட்டி முடித்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி கட்டுகிறீர்கள். அதனால் உண்மையான வட்டி, சொல்லப்படும் வட்டியைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. முன்னர் போட்ட கணக்கில் 40 குடும்பங்கள் உள்ள கடைக்கு நாளுக்கு 610 ரூபாய் மிஞ்சியது. அதில் 170 போனாலும் தாங்கும். பதினைந்து குடும்பங்கள் உள்ள கடை முதல் கிழமையே தவறும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கும் சுழி அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தையும் சமுர்த்தி வங்கியையும் விசாரியுங்கள். நீங்கள் உறுப்பினராக இருந்த சங்கம் பழைய இடத்தில் இருந்தால், உறுப்புரிமையை மாற்ற முடியுமா என்று கேட்ட பிறகே விலகுங்கள். வாழ்வாதார உதவி கிடைத்தால் அதை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கொப்பியில் எழுதுங்கள்.

9. அயலவர்களும் பழைய அயலவர்களும்

ஊருக்குத் திரும்பும் இருவர் ஒரே சந்தியில் ஒரே வகைக் கடை போட நினைக்கலாம். நாற்பது வீட்டை இரண்டாகப் பிரித்தால் இருவருக்கும் இருபது. இருவர் கடையும் ஓடாது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசுங்கள். ஒருவர் பலசரக்கு, மற்றவர் மரக்கறியும் தேநீரும் என்று பிரித்துக்கொண்டால் இருவரும் பிழைக்கலாம். முன்னர் அந்த இடத்தில் கடை வைத்திருந்த குடும்பம் இன்னும் திரும்பவில்லையென்றால் அவர்களின் எண்ணத்தையும் கேட்டறிவது பிற்காலச் சண்டையைத் தவிர்க்கும்.

நீங்கள் விட்டுப் போகும் இடத்தையும் நினையுங்கள். உங்களுக்குக் காணித் துண்டு தந்தவர், கடையை நம்பியிருந்த முதியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்னும் காணி விடுபடாமல் நலன்புரி நிலையத்திலேயே இருப்பவர்களும் உண்டு. அவர்களில் ஒருவருக்குப் பழைய கடையை மிச்சச் சரக்கோடு கைமாற்றிக் கொடுத்தால், உங்களுக்குச் சரக்கு ஏற்றும் கூலி மிஞ்சும், அவருக்கு ஒரு தொழில் கிடைக்கும், உங்கள் கொப்பியில் மிஞ்சிய கடனையும் அவர் வாங்கித் தரலாம்.

10. புறப்பட முன்னர் ஒரு தடவை பாருங்கள்

□ இரவில் விளக்கு எரியும் வீடுகளை மூன்று தடவை எண்ணிவிட்டோம்.
□ எத்தனை குடும்பங்கள் வேண்டும் என்று எழுதிக் கணக்கிட்டோம்.
□ காணி கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதி செய்தோம்.
□ உறுதி அல்லது நொத்தாரிசு எழுதிய குத்தகை கையில் உண்டு.
□ புதிய பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் விசாரித்தோம்.
□ மின்சாரத்துக்கு விண்ணப்பித்தோம்.
□ மொத்த வியாபாரிக்கு நேரில் சொன்னோம்.
□ கடன் கொப்பியை மூன்றாகப் பிரித்தோம்: இப்போது கட்டுபவர், ஊருக்கு வருபவர், கட்ட முடியாதவர்.
□ இரண்டு மாத வீட்டுச் செலவுக்குக் காசைக் கடை முதலிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தோம்.

கடைசியாக உள்ளது மிக முக்கியம். முதல் இரண்டு மாதமும் கடை உங்களுக்குச் சோறு போடாது என்று எண்ணிக்கொண்டே புறப்படுங்கள். வீட்டுச் செலவுக்குத் தனியாகக் காசு இருந்தால் றாக்கையிலிருந்து அரிசியை எடுத்துச் சமைக்க நேராது, முதல் கரையாது.

இந்தக் கணக்குகளைப் போட உதவி வேண்டுமானால் உங்கள் பகுதிக்கு வரும் எமது கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். உங்கள் கொப்பியையும் கொண்டு வாருங்கள். இந்த உதவிக்குக் கட்டணம் எதுவுமில்லை.